கல்லாறு வந்தால் காதைத் திற

புதிதாக பைக் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள், டயரைப் பற்றிக் கேட்பார்கள், எந்த சைலென்சர் போட்டால் சத்தம் கம்பீரமாக வரும் என்றுகூடக் கேட்பார்கள். காதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் சிடிசி இயந்திரத்துக்கும் நடுவே வேலை பார்த்தவன் நான். கூட வேலை செய்தவர்களில் சிலருக்கு இன்று பேரப்பிள்ளை பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பத் தெரியாது. அதனால் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

1. உங்கள் காதைத் தின்பது பெரும்பாலும் இஞ்சின் சத்தம் என்று நினைக்கிறீர்கள். 60, 65 கி.மீ. வேகம் தாண்டிவிட்டால் ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கிற காற்றின் இரைச்சல் இஞ்சினை விழுங்கிவிடும். 80 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஏறத்தாழ 90 டெசிபல் இருக்கும். நூறைத் தொட்டால் 95-க்கு மேல். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பல நாடுகளில் தொழில் மருத்துவத்தில் புழங்கும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு கால் மணி. அவிநாசியில் நெடுஞ்சாலை ஏறி பெருந்துறை, பவானி தாண்டி நூறில் சேலம் போய்ச் சேருவதற்குள் அன்றைய கோட்டாவைத் தாண்டிவிடுகிறீர்கள். விலையுயர்ந்த ஹெல்மெட் போட்டால் போதும் என்று விற்பவர் சொல்வார். ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றத்தான் செய்யப்பட்டது. தாடைக்குக் கீழே இருக்கும் திறப்பு வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

2. போன செவித்திறன் திரும்பி வராது. உள்காதில் இருக்கும் நுண்மயிர் அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சுக் குரல்கள். சாயங்காலம் சோலையில் சில்வண்டுகள் கத்துவது மற்றவர்களுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. பிறகு, 'பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல' என்கிற கட்டம் வரும். நீண்ட பயணம் முடித்து இறங்கிய இரவு காதுக்குள் 'ங்ங்' என்று ஓர் ஒலி கேட்கிறதா? மறுநாள் காலையில் அது போய்விடுவதால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அது காது கொடுக்கும் நோட்டீஸ்.

3. இப்போது நான் முக்கியமாக நினைப்பது. இந்தச் சேதத்தைக் குறைக்கக் காதில் செருகும் இயர் பிளக் நல்லது என்று தெரிந்ததும் சிலர் ஊட்டியில் வீட்டு வாசலில் மாட்டி, திரும்பி வரும்வரை கழற்றுவதே இல்லை. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் மலைச்சாலையும் கீழே இருக்கும் சாலையும் காதிடம் கேட்பது வேறு வேறு.

சமவெளியில் 90-இல் போகும்போது காற்றிரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அங்கே பிளக் காற்றையும் லாரி ஹார்னையும் ஒரே அளவில் குறைக்கிறது, ஆனால் காதின் திணறல் போய்விடுவதால் ஹார்ன் தெளிவாகவே கேட்கும். பயப்பட வேண்டாம். மலையில் கதை தலைகீழ். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36. வேகம் 25, 30. மூடுவதற்குக் காற்றிரைச்சல் அங்கே கிடையாது. பிளக் போட்டால் கேட்க வேண்டிய சத்தம்தான் குறையும். வளைவுக்கு மேலே அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒரு ஹார்ன் கொடுப்பார். அந்த ஹார்னை வைத்துத்தான் நீங்கள் ஓரம் பிடிக்கிறீர்கள். பலாப்பழக் காலத்தில் பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் யானை இறங்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கிளை முறியும் சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் மேலேயிருந்து சின்னக் கல் உருண்டு வரும் ஒலி. தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து காட்டெருமை புதரைத் தள்ளிக்கொண்டு வரும் சரசரப்பு. இதெல்லாம் மெல்லிய சத்தங்கள்.

இன்னொன்று, இறக்கத்தில் இரண்டாம் கியரில் இஞ்சினைப் பிடித்து இறங்கத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். புதிதாக ஓட்டுபவர் கியரைக் காதால்தான் அறிகிறார். இஞ்சின் முனகுவதும் பிரேக் பேட் தேய்ந்து கீச்சிடுவதும் பிளக்குக்கு வெளியே நின்றுவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

ஆகவே என் கணக்கு இதுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது மலையடிவாரத்தில் கல்லாறு வந்தால் கழற்று. கோத்தகிரிச் சாலை என்றால் ஏற்றம் தொடங்கும் முன்பே கழற்று. மைசூர் பக்கமிருந்து வருபவர்கள் குண்டல்பேட்டை வரை போட்டு வரலாம். பந்திப்பூர், முதுமலைக் காடு தொடங்கியதும் வேகமும் குறைய வேண்டும், பிளக்கும் பைக்குள் போக வேண்டும். இதில் வாதம் செய்பவர்கள் உண்டு. காடு தாண்டிய பிறகு செய்யட்டும்.

4. மலையில் கழற்றச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அத்தனை உயரம் மாறுகிறீர்கள். குன்னூரில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. பேருந்திலேயே காது அடைக்கிறதே, அது இதனால்தான். எச்சில் விழுங்கினால் மூக்குக்குப் பின்னாலிருக்கும் குழாய் திறந்து உள்காற்று சமனாகிறது. ஆனால் வெளியே பிளக் அடைத்துக்கொண்டிருந்தால், பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுக்குப் போக்கிடம் இல்லை. பஞ்சு நுரை பிளக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும். முழுசாக அடைக்கும் சிலிக்கான் பிளக் விடாது. செவிப்பறையை அழுத்தும், இறங்கும்போது வெளியே இழுக்கும். சளி பிடித்திருந்தால் இரட்டை வேதனை. அப்படிப்பட்ட நாளில், குறிப்பாக இறக்கத்தில், காதில் எதையும் வைக்காதீர்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு டீ குடித்து, காது 'டப்' என்று திறந்த பிறகு மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

5. வாங்கும்போது முதலில் நுரை பிளக்கில் தொடங்குங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு ஜோடி, டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற காசு. அட்டையில், சத்தம் எவ்வளவு குறையும் என்று காட்ட, என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்கக் கணக்கு. எஸ்.என்.ஆர். என்றால் ஐரோப்பியக் கணக்கு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள், ஒரே பிளக்குக்கு ஐரோப்பிய எண் பெரிதாகத்தான் வரும். ஆரஞ்சு நிற 3எம் 1100 பிளக்கில் என்.ஆர்.ஆர். 29 என்று போட்டிருப்பார்கள். 29 டெசிபல் குறையும் என்று நம்பிவிடாதீர்கள், அது ஆய்வகத்தில் நிபுணர் மாட்டிவிட்டு அளந்தது. தொழிற்சாலைகளில் அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்துப் பாதியாக்குவார்கள். 29 என்றால் 11. அதுவே போதும்: 97 டெசிபல் 86 ஆகிவிடுகிறதே. 33 போட்ட பிளக்கைத் தேடி ஓடினால் அதே கணக்கில் 13-தான் வரும். அந்த இரண்டு டெசிபலைவிடச் சரியாக மாட்டத் தெரிவது பெரிது.

காது துவாரம் எல்லோருக்கும் ஒரே அளவில்லை. பெண்பிள்ளைகள் பலருக்குச் சிறியது. பிளக் பிதுங்கி வெளியே வந்தாலோ அரை மணியில் வலித்தாலோ சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். கயிறு வைத்த பிளக் வேண்டாம், ஹெல்மெட் வாரில் சிக்கும். வாங்கிவிட்டால் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

6. குடை அடுக்கியது போலிருக்கும் சிலிக்கான் பிளக்கில் நடுவே வடிகட்டி வைத்து பைக்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். சத்தத்தைக் குறைவாகத் தடுக்கும், பேச்சு கேட்கும், கழுவலாம். வேகம் 70, 80-ஐத் தாண்டாதவர்களுக்கு அது பொருந்தும். காது அச்செடுத்துச் செய்வது இன்னும் சுகம், விலையும் அப்படி. வருடம் முழுக்க நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு நியாயம். முதல் வருடத்திலேயே வேண்டாம்.

7. மாட்டும் விதம். கையைக் கழுவுங்கள், செயின் எண்ணெய் விரலோடு தொடாதீர்கள். நுரையை இரு விரலால் மடிப்பு விழாமல் உருட்டி மெல்லிய குச்சியாக்குங்கள். வலது காதுக்கு இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் வளைந்த துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, விரலால் அப்படியே பிடித்து முப்பது எண்ணுங்கள். இந்த முப்பதில்தான் அவசரக்காரர்கள் தோற்கிறார்கள். பிளக்கின் முனை காதோடு சமமாக இருக்க வேண்டும், துருத்தினால் ஹெல்மெட் போடும்போது இழுபடும்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு குறிப்பு: டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலையில் நுரை விறைத்துப்போயிருக்கும். உருட்டினால் உருளாது, உள்ளே போனாலும் விரிய நேரமெடுக்கும். இரவு பெட்ரோல் டேங்க் பையில் விடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புச் சூடு போதும்.

சரியாக மாட்டியாயிற்றா என்று பார்க்க, இரு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். வெளிச்சத்தம் பெரிதாக மாறவில்லையென்றால் சரி. சட்டென்று குறைந்தால் பிளக் கசிகிறது. வரிசை: பிளக், ஹெல்மெட், கண்ணாடி, கடைசியில் கையுறை. எடுக்கும்போது திருகி மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

8. வெறும் பஞ்சு பயன் தராது. 1907-இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்துக்கடைக்காரர் பஞ்சில் மெழுகு சேர்த்துக் காதடைப்பான் உருவாக்கினார். மெழுகைச் சேர்த்தார் பாருங்கள், காரணம் இல்லாமலில்லை. நம் ஊர் மஃப்ளர் கூட சத்தத்தைத் தடுக்காது, ஆனால் கழுத்தைச் சுற்றிக் கட்டி ஹெல்மெட்டின் அடித்திறப்பை அடைத்தால் காற்று நுழைவது குறையும். நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். தொங்கவிட்டால் செயின் பிடித்து இழுக்கும்.

9. பாட்டு கேட்கும் இயர்போன் பாதுகாப்பு ஆகாது. காற்றிரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டுகிறீர்கள். இரண்டு சத்தமும் சேர்ந்து உள்ளே போகிறது. கவனமும் போகிறது.

10. காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்காமல் எதையும் நுழைக்காதீர்கள். அழுக்கு நிறைய இருப்பவர் அதை எடுத்துவிட்டுத் தொடங்கட்டும், பிளக் அதை உள்ளே தள்ளி இறுக்கும். கூடலூர், தேவாலாப் பக்கம் ஆடி மழையில் எதுவும் காய்வதில்லை. ஈர நுரையைத் திரும்பத் திரும்பப் போட்டால் காதில் பூஞ்சை பிடிக்கும். நுரையைத் துவைத்துப் பயன்படுத்த முடியாது. அழுக்கானாலும், உருட்டியது மறுபடி விரியாவிட்டாலும் மாற்றுங்கள். பழையதைச் சாலையோரம் எறியாமல் வீட்டுக் குப்பைக்குக் கொண்டுபோங்கள். பர்லியார்க் குரங்குகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பவை.

11. பைக் வாங்கிய வருடமே ஒரு முறை ஆடியோகிராம் எடுத்து, தாளை ஆர்.சி. புக்கோடு வையுங்கள். சில வருடம் கழித்து எடுப்பதை அதோடு ஒப்பிட்டால்தான் என்ன குறைந்தது என்று தெரியும். கோவையில் எடுக்கலாம். மசினகுடி, கூடலூர்ப் பிள்ளைகளுக்கு மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. ஒன்று மட்டும்: சோதனைக்கு முன் பதினான்கு மணி நேரமாவது காது இரைச்சலின்றி ஓய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் களைத்த காதின் கணக்கு தாளில் ஏறிவிடும். ஆகவே மைசூருக்கு பைக்கை விரட்டிக்கொண்டுபோய் நேரே சோதனை அறைக்குள் நுழையாதீர்கள். பேருந்தில் போங்கள், இல்லையென்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள்.