வியாபாரிக்கு ஓர் ஆங்கிலச் சொல்: ‘ஃபேமஸ்’



மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் படிப்பை நிறுத்தியவன் நான். கல்லாவில் உட்கார்ந்து, அடிபட்டுக் கற்ற ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இன்று பார்ப்போம்.

கடை திறந்த புதிதில் 500 நோட்டீஸ் அச்சிட்டேன். ‘மசாலாச் சாமான்களுக்குப் பேர்போன கடை’ என்பதை ஆங்கிலத்தில் போட நினைத்து, அகராதியைப் புரட்டி, ‘நொட்டோரியஸ்’ என்ற சொல்லை எடுத்தேன். பாதி நோட்டீஸ் கொடுத்தான பிறகு, வாடிக்கைக்காரரான ஓர் ஆசிரியர் வந்தார். “என்ன பாய், உங்கள் மசாலா மோசம் என்று நீங்களே அச்சடித்துக் கொடுக்கிறீர்களே!” என்றார். மீதியை அன்றே கிழித்துப் போட்டேன்.

தவறு எங்கே? தமிழில் ‘பேர்போன கடை’ என்போம். ‘பேர்போன திருடன்’ என்றும் சொல்வோம். பத்திரிகையில் ‘பிரபல டாக்டர்’ வருவார். ‘பிரபல ரவுடி’யும் வருவான். ஆங்கிலத்தில் அப்படியல்ல. நல்ல பெயருக்கு ‘ஃபேமஸ்’. கெட்ட பெயருக்கு ‘நொட்டோரியஸ்’ அல்லது ‘இன்ஃபமஸ்’. பின்னதற்குப் ‘பெயர் இல்லாதவன்’ என்று பொருள் கொள்ளாதீர்கள். ‘இன்ஃபேமஸ்’ என்று உச்சரிக்கவும் வேண்டாம்.

இனி, சொல்லும் முறை. எதனால் புகழ் வந்ததோ அதற்கு முன் ‘ஃபார்’ வரும்: ‘பத்தமடை இஸ் ஃபேமஸ் ஃபார் இட்ஸ் மேட்ஸ்.’ அதாவது, பத்தமடை பாய்க்குப் பெயர் பெற்றது. இன்னாராகப் புகழ் பெற்றார் என்றால் ‘அஸ்’ வரும்: ‘பி. ரம்லீ வாஸ் ஃபேமஸ் அஸ் அன் ஆக்டர்.’ 1973இல் மறைந்தவர் ஆகையால் ‘வாஸ்’. ‘இன்’ போட்டால் அது இடத்தைக் குறிக்கும்: ‘ஃபேமஸ் இன் பினாங்’ என்றால் பினாங்கில் புகழ் பெற்றது.

வியாபாரக் கடிதத்தில் ‘ஃபேமஸ்’ கொஞ்சம் அதிகப்படி. ‘வெல்-நோன்’, அதாவது நன்கு அறியப்பட்ட, என்பது அடக்கமானது. நாணயமான கடை என்று காட்ட ‘ரெப்யூட்டபிள்’ என்று எழுதுங்கள். நம்மில் பலர் எழுதும் ‘ரெப்யூட்டட்’ என்பதில், ‘அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடனுக்குச் சரக்குக் கேட்டு எழுதும் கடிதத்தில் அந்தச் சந்தேகம் வரலாமா?

ஆகவே, பெயர்ப்பலகையோ நோட்டீஸோ அச்சுக்குப் போகுமுன் ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் நான் கொடுத்த அந்தப் பாதி நோட்டீஸை எத்தனை பேர் படித்துவிட்டு வேறு கடைக்குப் போனார்களோ!