பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கு



நேற்று ராத்திரி 11.40க்கு உன் வாட்ஸ்அப் வந்தது. ‘மாமா, கழுத்துலயும் தாடையிலயும் ட்ரை நீட்லிங் பண்ணலாம்ங்கறாங்க. பண்ணிக்கட்டுமா? அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க.’ மூச்சு விடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்பதை இங்கிருந்தே சொல்வேன். கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை, தொடைமேல் லேப்டாப், ஆமை மாதிரி முன்னால் நீண்ட கழுத்து. உன் ஆச்சி இருந்திருந்தால் அந்தத் தலையணையைப் பிடுங்கிக்கொண்டுபோய் மொட்டைமாடி வெயிலில் போட்டிருப்பாள். கழுத்துப் பிடிப்புக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பாதி நேரம் பலிக்கவும் செய்தது, ஏனென்றால் சாதாரணப் பிடிப்பு இரண்டு மூன்று நாளில் தானே விட்டுவிடும். உன்னுடையது ஐந்து மாதமாக விடவில்லை என்கிறாய். சரி, ஊசிக்கு வருவோம்.

ஊசியில் என்ன மருந்து என்று கேட்டிருக்கிறாய். ஒன்றுமில்லை. அதனால்தான் அது ‘ட்ரை’. உள்ளே துவாரம்கூடக் கிடையாது. கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். ‘மருந்தே இல்லாத ஊசிக்கு எதுக்குக் காசு?’ என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஒரு காலத்தில் மருந்தோடுதான் போட்டார்கள். அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்ற அம்மையார், ஜனாதிபதி கென்னடிக்கு வெள்ளை மாளிகையில் வைத்தியம் பார்த்தவர், தசையில் கட்டிபட்ட இடங்களில் மரத்துப்போகிற மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். 1979இல் கரேல் லெவிட் என்ற செக் நாட்டு மருத்துவர், மருந்து எதுவும் ஏற்றாமல் ஊசி சரியான புள்ளியில் பட்டாலே வலி இறங்குகிறது என்று எழுதினார். அதற்குப் பிறகு வெறும் ஊசிக்கு மரியாதை வந்தது.

‘அப்ப அக்குபங்சர்தானே மாமா?’ ஊசி அதேதான், போகிற வழி வேறு. சீன வைத்தியர் உடம்பில் சக்தி ஓடுவதாகச் சொல்லப்படும் பாதைகளைப் பார்த்துக் குத்துவார். இவர்கள் தசையைத் தடவிப் பார்த்து, கயிறு மாதிரி விறைத்த ஓர் இழையைப் பிடித்து, அதில் தொட்டாலே நீ துள்ளுகிற இடத்தைக் குத்துவார்கள். டிரிகர் பாயின்ட் என்று பெயர். நான் முடிச்சு என்றே எழுதுகிறேன். முடிச்சு எக்ஸ்ரேயில் விழாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்றே சண்டை போடும் டாக்டர்களும் உண்டு. அந்தச் சண்டை முடிகிறவரை உன் தாடை காத்திருக்காது.

உன் செய்தியிலேயே ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ‘கடைவாய்ப் பல்லும் வலிக்குது, அதைப் பிடுங்கிடலாம்னு இருக்கேன்.’ அடியே, பொறு! இந்தத் தப்பை நம் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருத்தர் செய்தாகிவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வலது மேல் கடைவாயில் வலி. ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசவில்லை, எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை. இருந்தும் நானே பல் டாக்டரை நச்சரித்து ரூட் கெனால் செய்துகொண்டேன். ஆறாயிரம் ரூபாய் போனது, வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் செய்துவிடலாம் என்றார் அவர். நானும் தலையாட்டினேன் என்பதை உன் அத்தை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். நல்லவேளையாக அதற்குள் கழுத்துவலிக்காக ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தில் புடைத்த தசையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பல் வலித்தது. பல்லை அவர் தொடவே இல்லை. அதில் உயிர்நரம்பும் இல்லை, அதைத்தான் காசு கொடுத்து எடுத்தாகிவிட்டதே. நரம்பு போன பல் எப்படி வலிக்கும்?

வலிக்கிற இடம் வேறு, வலியைக் கிளப்புகிற இடம் வேறு. 1938லேயே லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர், தன் உடம்பிலும் மற்றவர் உடம்பிலும் உப்புக் கரைசலைத் தசைக்குள் ஏற்றி, வலி தொலைவில் போய் எழுவதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கன்னத்துத் தசை பல்லிலும் காதிலும் வலிக்கும். பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசையில் முடிச்சு விழுந்தால், வலி காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்காரும். முகத்து நரம்பும் மேல்கழுத்து நரம்பும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். தகவல் எந்த வாசலிலிருந்து வந்தது என்று மூளை குழம்பிப்போகிறது. ‘தாடை வலிக்கு எதுக்கு மாமா கழுத்துல குத்தறாங்க?’ என்ற உன் கேள்விக்கும் இதுதான் பதில்.

குத்தும்போது எப்படி இருக்கும்? அந்தப் பிசியோதெரபி அம்மா என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். கையுறை, ஸ்பிரிட் பஞ்சு. விரல் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. ஸ்ட்ரா துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஊசி, ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டு. தோலில் நுழைந்தது கொசுக்கடிகூட இல்லை. பிறகு மெல்ல உள்ளும் புறமுமாக நகர்த்தினார். திடீரென்று கன்னத்துக்குள் தூண்டிலில் சிக்கிய கெண்டை மாதிரி தசை வெடுக்கென்று ஒரு துள்ளு துள்ளியது. அதே நொடியில் அந்தப் பாழாய்ப்போன பல்லில் பழைய வலி. ‘இதுதானே உங்க வலி?’ என்றார். வாயில் பேச்சு வராமல் கையை ஆட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் முழுக்கக் கன்னம் அடிபட்ட மாதிரி இருந்தது; தயிர்சாதம்தான். மூன்றாம் நாள் வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைந்தது. அதற்கு முன் இரண்டுதான்.

பயப்படாதே என்று சொல்லமாட்டேன், தெரிந்து பயப்படு. அயர்லாந்தில் 39 பிசியோதெரபிஸ்டுகள் 7,629 தடவை குத்தியதைக் கணக்கெழுதி 2014இல் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது தடவை சில்லறைத் தொந்தரவு: கன்றிப்போவது, ஒரு துளி ரத்தம், வலி. பெரிய ஆபத்து ஒன்றும் அதில் பதிவாகவில்லை. ஆனால் தோள்பட்டையில் விவரம் தெரியாதவர் நேர்கீழாகக் குத்தினால் ஊசி நுரையீரலைத் தொட்டுவிடும், நுரையீரலின் நுனி காரை எலும்புக்கு மேலேயே எட்டிப் பார்க்கிறது. தெரிந்தவர் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்துக் குத்துவார். அதைக் கவனி. குத்திய அன்று மூச்சு வாங்கினாலோ மார்பில் குத்தல் இருந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காதே, நேராக ஆஸ்பத்திரி. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ‘எத்தனை வருஷமா தாடைக்குப் பண்றீங்க?’ என்று கேள். கேட்டால் கோபிக்கிறவரிடம் முகத்தைக் கொடுக்காதே.

வீரம் காட்டுகிறேன் என்று சாப்பிடாமல் போவாய், எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாயா, கர்ப்பமா என்று கேட்பார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதே. சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கிற மாதிரி நாள்பட்ட வலி ஒரே சொடுக்கில் போகும் என்றும் நினைக்காதே. ஆராய்ச்சிகளைப் படித்தவரை, சில வாரங்களுக்கு வலி குறைகிறது என்பதற்குத்தான் ஆதாரம் பரவாயில்லை. மாதக்கணக்கில் நிற்குமா என்பதற்கு ஆதாரம் மெலிவு. மூன்று நான்கு தடவைக்குள் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடு. பத்து தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதே.

இவ்வளவு நேரம் படித்தாயே, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டுதானே இருந்தன? சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடவே வேண்டியதில்லை. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் படுத்திருக்கட்டும். நம்மூரில் கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டு என்பார்கள்; நீ அதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அட்சரசுத்தமாகச் செய்கிறாய். ஊசி முடிச்சை அவிழ்க்கும். மறுபடி முடிச்சுப் போடுகிறவள் நீ. மானிட்டர் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர விடு. ராத்திரி நறநறவென்று கடிக்கிறாயா என்று ரூம்மேட்டிடம் கேட்டு, ஆமாம் என்றால் பல் டாக்டரிடம் ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்துகொள். முறுக்கும் சூயிங்கமும் ஒரு மாதம் வேண்டாம்.

எல்லாத் தாடைவலியும் தசை இல்லை. மாடி ஏறினால் தாடை வலித்து, நின்றால் விட்டால் அது இதயமாக இருக்கலாம். ஜுரத்தோடு வாய் திறக்கவில்லையென்றால் பல்லில் சீழ் இருக்கலாம். கை மரத்துப்போனால் முதலில் டாக்டர், பிறகுதான் ஊசி. பாக்கு போடுகிற உன் சித்தப்பாவுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினால் அது வேறு நோய், புற்றுநோயில்கூடக் கொண்டுபோய் விடும். அவரிடமும் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

புதன்கிழமை என்றாயே, போய்ப் பண்ணிக்கொள். கழுத்து அகலமான சட்டை போட்டுக்கொள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, கன்னத்தில் கன்றியிருப்பதை வீடியோ காலில் அவள் பார்ப்பதற்கு முன்னால்.

அன்புடன்,
மாமா