அலங்காரப் பதவி என்று சொன்னாயே

அன்பு மகளுக்கு,

மாணவர் பேரவைக்கு உன்னை அவைத்தலைவராகத் தெரிவு செய்ததை அம்மா சொன்னா. மனம் நிறைந்தது. நீயோ, "வாக்கும் இல்லை, அதிகாரமும் இல்லை, வெறும் அலங்காரப் பதவி பெரியப்பா" என்று சலித்துக்கொண்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012 முதல் 2018 வரை லெப்டினன்ட் கவர்னராக, அதாவது முடியின் பிரதிநிதியாக, இருந்தவர் ஜூடித் கிஷோன். மாட்டுப் பண்ணைக்காரர். நிக்கோலா பள்ளத்தாக்கின் வறண்ட புல்வெளியில், கணவரை இழந்த பிறகும் பண்ணையை விடாமல் நடத்தியவர். மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய்த்து, மேய்ந்த புல் தேறுவதற்கு அவகாசம் விடும் முறையில் ஊறியவர். பதவிக்கு வந்த பின், அரசாங்கம் எழுதிக் கொடுத்த உரையை வாசித்தார், சட்டங்களுக்கு ஒப்பமிட்டார், விருதுகள் வழங்கினார். நீ சொல்லும் அதே அலங்காரம்தான்.

2017 மே தேர்தலில் 87 ஆசனங்களில் லிபரல் கட்சிக்கு 43, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3. பின்னவை இரண்டும் ஆதரவு ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. லிபரல் முதல்வர் கிறிஸ்டி கிளார்க் விலகவில்லை. சபையைச் சந்திப்பது அவருடைய உரிமை. கிஷோன் அதில் தலையிடாமல், அவருடைய அரசின் உரையையும் சபையில் வாசித்தார். ஜூன் 29 அன்று 44க்கு 42 என்று கிளார்க் தோற்றார். சபையைக் கலைத்து மறுதேர்தல் வைக்கும்படி கேட்டார். வழக்கமாக முதல்வரின் ஆலோசனைப்படியே நடக்கும் பதவி அது. கிஷோன் மறுத்து, புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜோன் ஹோர்கனை ஆட்சி அமைக்க அழைத்தார்.

இது லேசான காரியம் இல்லை, மகள். 1926இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் பிங் இதேபோல ஒரு பிரதமருக்கு மறுத்தார். அவர் அழைத்த அடுத்த அரசு சில நாட்களிலேயே விழுந்தது. மறுக்கப்பட்ட மெக்கன்சி கிங் அதையே பிரசாரமாக்கித் தேர்தலில் வென்றார். ஹோர்கனின் ஆட்சியோ 2020 வரை போய், அவரே முன்கூட்டித் தேர்தல் வைக்கும்வரை நின்றது. கிளார்க் கேட்டபோது, 2017 தேர்தல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, சபைக்குள்ளேயே இன்னொரு பெரும்பான்மை எழுத்தில் இருந்தது. கிஷோனின் முடிவுக்கு அவை போதும். ஆனால் அதுவரை அவர் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு சொல் பேசியிருந்தால், அந்த முடிவைத் தோற்றவர்கள் ஏற்றிருப்பார்களா? எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது அந்த ஏறத்தாழ ஐந்தாண்டு அடக்கம்தான்.

ஆகவே பேரவையின் யாப்பை இப்போதே எடுத்து வாசி. வாக்குகள் சமமாக வந்தால் என்ன, நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தால் என்ன என்ற பிரிவுகளை நன்றாகப் படி. எந்த அணியின் வட்சப் குழுவிலும் இருக்காதே. இருந்தால் இன்றைக்கே விலகு. சினேகிதிகள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். கூட்டத்தில் உனக்குப் பிடிக்காதவன் கை தூக்கினாலும் அவன் முறை வந்ததும் பேச விடு. முதல் கூட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு அழைப்பு எடு.

அன்புடன்,
பெரியப்பா