பஷீரின் 'பால்யகால சகி': இழப்பில் முதிரும் இளமை

முன்னுரை

வைக்கம் முகம்மது பஷீரின் (1908–1994) 'பால்யகால சகி' 1944ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்தது. அளவில் சிறிய இந்நாவல், கேரள முஸ்லிம் இல்லங்களின் வாழ்வை உள்ளிருந்து காட்டியது. இதனைக் காதல் துன்பியலாக மட்டும் கொள்வோர் பலர். குடும்ப இழப்பு இளையோரை எவ்வாறு முதிரச் செய்கிறது என்பதே இதன் அடிநாதம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கணக்கறிந்த சிறுமி

செல்வந்தர் மகன் மஜீது; பாக்கு வாங்கி விற்கும் எளியவரின் மகள் சுகறா. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஆசிரியர் வினவ, சற்றே பெரிய ஒன்று என விடையிறுக்கிறான் மஜீது. இரண்டு ஆறுகள் கூடி ஒரு பேராறாவதைக் கண்டவன் அவன். கணக்கில் வல்லவளோ சுகறா. ஆயினும் தந்தை இறந்ததும் அவளது படிப்பு நின்றுவிடுகிறது. அவளையும் படிக்க வைக்கலாம் என்ற விருப்பம் மஜீதின் வீட்டில் எழுகிறது. அவன் தந்தை இசையவில்லை. கணக்கு வராதவன் பள்ளிக்குச் செல்கிறான். வந்தவள் வீட்டில் இருக்கிறாள். இந்த முரணைப் பஷீர் உரத்த குரலில் கண்டிக்கவில்லை. காட்சியாக நிறுத்திவிட்டு நகர்கிறார்.

சுமை ஏற்றல்

தந்தையின் சினத்தால் வீட்டைவிட்டு வெளியேறும் மஜீது, பல்லாண்டு அலைந்து திரும்புகிறான். அப்போது செல்வம் அழிந்திருக்கிறது. மணமாகாத தங்கையர் காத்திருக்கின்றனர். சுகறாவோ கொடியவன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அடியுண்டு நலிந்து பிறந்தகம் வருகிறாள். அவளை மணக்க மஜீது விழைகிறான். எனினும் தங்கையரின் சீதனச் சுமை அவனை மீண்டும் ஊர்விட்டுத் துரத்துகிறது. வெளியூரில் விபத்தில் ஒரு காலை இழந்து, உணவு விடுதியில் பாத்திரம் கழுவிப் பொருளீட்டுகிறான். அங்குதான் சுகறாவின் மரணச் செய்தி தாயின் கடிதமாக வந்து சேர்கிறது.

பிரியும் வேளையில் சுகறா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லி முடிக்கவில்லை. அது என்னவாயிருக்கும் என்னும் வினாவோடு மஜீது எஞ்சி நிற்கிறான். வளர்ச்சி என்பது விடை பெறுவதன்று, விடையற்ற வினாவைச் சுமந்தும் கடமை ஆற்றுவதே என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

முடிவுரை

விதி சுகறாவிடமிருந்து தந்தையைப் பறித்தது; பள்ளியைப் பறித்தது விதியன்று, சுற்றியிருந்தோர் காட்டிய தயக்கம். எத்தீம்களை ஆதரிப்பதைத் தலையாய அறமாகப் போற்றுவது நம் மார்க்கம். அவ்வறம் சோறும் துணியும் அளிப்பதோடு நின்றுவிடலாகாது. பாடநூலும் வகுப்பறையும் அதில் அடங்கும். நம் வகுப்பறைகளில் திடீரென வெறுமையாகும் ஓர் இருக்கையைக் காணும்போதெல்லாம், ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் சுகறாவை நினைத்தல் வேண்டும். மாணவரோ அத்தோழியின் வீட்டுக் கதவைத் தட்டிக் காரணம் கேட்டறிதல் வேண்டும்.