முதல் சொல்

தில்லியில் கோல் மார்க்கெட் என்று ஓர் இடம் இருக்கிறது. இந்தியில் கோல் என்றால் வட்டம். நடுவில் ஒரு பழைய சந்தைக் கட்டடம். 1921-இல் கட்டியது. அதற்கு 12 பக்கங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் வட்டமாகத் தெரியும்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இந்தப் பகுதிக்குக் குடி வந்தது. அப்பாவுக்கு ஓட்டலில் வேலை. மகனுக்கு 14 வயது. அவனை 9-ஆம் வகுப்பில் சேர்த்தார்கள்.

பையனுக்கு இந்தி வராது. கூச்சம் வேறு. வகுப்பில் யாரோடும் பேச மாட்டான். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான்.

"இன்னிக்கும் தனியாத்தான் சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டார்.

"இனிமே நான் பள்ளிக்கூடம் போகலைம்மா" என்றான்.

அம்மாவுக்குக் கவலை வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் பையனை மந்திர் மார்க் தெருவுக்கு அழைத்துப் போனார். அது நடந்து போகும் தூரம்தான். அங்கே வால்மீகி கோயில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம் அது. 1946, 1947 ஆண்டுகளில் காந்தியடிகள் அங்கே பல மாதங்கள் தங்கினார். அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

"தம்பி, காந்தித் தாத்தாவும் சின்ன வயசுல உன்னை மாதிரிதான்" என்றார் பெரியவர்.

கூச்சப்பட்ட காந்தி

காந்தி தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருக்கிறார். அந்த நூலின் பெயர் சத்திய சோதனை. பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். யாராவது பேசுவார்களோ, கேலி செய்வார்களோ என்று பயம்.

படித்து வக்கீல் ஆனார். அப்போதும் கூச்சம் போகவில்லை. பம்பாயில் முதல் வழக்கு. பேச எழுந்தார். தலை சுற்றியது. பேச்சு வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

1893-இல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே பிரிட்டோரியா நகரில் இருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குத் தாமே கற்றுத் தருவதாகச் சொன்னார். மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் முடி திருத்துபவர். ஒருவர் குமாஸ்தா. ஒருவர் சிறு கடைக்காரர். காந்தியே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

கூச்சம் ஒரு குற்றம் அல்ல. ஆனால் யாராவது ஒருவர் முதல் அடி வைக்க வேண்டும். காந்தி அந்த அடியை வைத்தார்.

ஒரு சின்னக் கேள்வி

"எனக்கு இந்தி வராதே தாத்தா. நான் என்ன பேசுறது?" என்றான் பையன்.

"வராதுங்கறதையே கேள்வியாக்கு. இதுக்கு இந்தியில என்ன பேருன்னு கேளு" என்றார் பெரியவர். கேட்கும் விதத்தையும் இந்தியில் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் மதிய உணவு நேரம். பையன் பக்கத்தில் இருந்தவனின் டப்பாவைப் பார்த்தான். அதில் இருந்த ஊறுகாயைக் காட்டி, "இஸ்கோ க்யா கஹ்தே ஹைன்?" என்று கேட்டான்.

"அச்சார்" என்றான் அவன். பிறகு, தமிழில் என்ன என்று கேட்டான்.

"ஊறுகாய்."

அவன் "ஊருகா" என்றான். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஊறுகாயைப் பகிர்ந்து கொண்டார்கள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. மறுநாள் வேறொருவன் அவன் பேசிய இந்தியைக் கேலி செய்தான். ஆனால் ஊறுகாய் கொடுத்தவன் தன் பக்கத்தில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். பையன் பள்ளியை விடவில்லை.

நட்புக்குச் சில வழிகள்

1. முகம் பார்த்துச் சிரியுங்கள். பெயரைக் கேளுங்கள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

2. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி போதாது. "கிரிக்கெட் பிடிக்குமா?" என்பதோடு நிற்காமல், "நேற்று ஆட்டம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

3. அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.

4. ஊர், சாதி, நிறம், மொழி இவற்றை வைத்துக் கேலி செய்யாதீர்கள்.

5. வீட்டில் சொல்ல முடியாத காரியத்துக்கு நண்பர் அழைத்தால், "நான் வரலை" என்று சொல்லுங்கள். அதுவும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய பேச்சுதான்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிறர் முன்னால் பிள்ளையை "ஊமை" என்று சொல்லாதீர்கள். நண்பனை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். பிள்ளை யாரோடு பழகுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

பேசிப் பாருங்கள்

1. பையன் ஏன் பள்ளிக்குப் போக மறுத்தான்?
2. பிரிட்டோரியாவில் காந்தி யாருக்குக் கற்றுக் கொடுத்தார்?
3. உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், முதலில் என்ன பேசுவீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.