ஏர் ரைஃபிள்ல ஸ்கோப் மாட்டப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேளுங்க

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுல வேலை பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு முதல்ல ஒண்ணு. ஸ்கோப்பை மாட்டிக்கிட்டு ஏரிப்பக்கம் கொக்கு, நாரைன்னு கிளம்புற நெனப்பு இருந்தா இங்கயே விட்டுடுங்க. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல ஏர் கன்னுக்குன்னு தனிச் சலுகை கிடையாது. லைசென்ஸ் வேண்டாம்கிறதும் 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள்ள ஆற்றல் உள்ளதுக்குத்தான். நான் சொல்றது பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும்.

போட்டிக்குப் போற ஆசை இருந்தா ஸ்கோப்பே வாங்காதீங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவுல ஸ்கோப்புக்கு அனுமதியில்லை. சின்னத் துளை வழியாப் பாக்குற பீப் சைட்தான்.

பொழுதுபோக்குக்குத்தான்னா, துப்பாக்கி மேல ஸ்கோப் உக்காருற ரெயிலை அளந்துட்டு மவுண்ட் வாங்குங்க. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்ல பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் இருக்கும். குறுக்கே பள்ளம் பள்ளமா வெட்டின பிக்காட்டினி அகலமானது. அதோட மவுண்ட் இதைப் பிடிக்காது. ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.யா, 30 மி.மீ.யான்னும் பாத்துக்குங்க.

ஸ்பிரிங் துப்பாக்கியோட உதைதான் நெறைய பேருக்குத் தெரியாத விஷயம். முதல்ல பின்னால போகும். பிஸ்டன் போய் முட்டினதும் சடார்னு முன்னால குதிக்கும். அந்தக் குதிப்புல ஸ்கோப் ரெயில் மேல பின்பக்கமா நழுவிடும். அதனால ஸ்டாப் பின் உள்ள மவுண்ட்டா வாங்கி, பின்னை ரெயில்ல இருக்கிற குழியில உக்கார வைங்க. பெரிய தோட்டாத் துப்பாக்கி ஸ்கோப் விலை கம்மியாக் கெடைக்குதுன்னு வாங்கினா, இந்த ரெண்டு பக்க உதையில உள்ளே இருக்கிற லென்ஸே ஆடிப்போகலாம். பத்து மீட்டர்ல மங்கலாவும் தெரியும். பத்து மீட்டருக்கு ஃபோகஸ் ஆகுற, ஏர் ரைஃபிளுக்குன்னே சொல்லி விக்கிறதுதான் சரி.

மாட்டும்போது பெல்லட் இல்லைன்னு பாத்துக்குங்க, ஸ்பிரிங்கை இழுத்து வைக்காதீங்க. ரிங்கை லேசாப் பிடிக்க விட்டு, தோள்ல வச்சுப் பாத்து, முழு வட்டமும் கறுப்பு ஓரமில்லாமத் தெரியுற இடம் வரைக்கும் ஸ்கோப்பை நகத்துங்க. கண்ணுக்கும் லென்ஸுக்கும் சுமாரா 8, 9 செ.மீ. வரும். அப்புறம் எதிர்ல ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, துப்பாக்கியை ரசமட்டம் வச்சு நேராக்கி, உள்ளே தெரியுற நெட்டுக்கோட்டை அந்த நூலோட சேருங்க. மேசை சமமா இருக்குன்னு நம்பாதீங்க.

முறுக்குறதுல லைன்ல நிக்கிற நம்ம ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்தான். ஆனா வீட்டுக்கு வந்ததும் டார்க் மறந்துபோய் கை பலம் வந்துடுது! கார் வீல் நட்டு மாதிரி, எதிரெதிர் ஸ்க்ரூவாக் கால் சுத்து கால் சுத்தா முறுக்குங்க. ரெண்டு பக்க இடைவெளியும் ஒண்ணா இருக்கணும். ரிங் ஸ்க்ரூவுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். மவுண்ட் அட்டையில வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லைன்னா ஆலன் கீயோட குட்டைப் பக்கத்தைக் கையில பிடிங்க, நீளப் பக்கம் ஸ்க்ரூவுல இருக்கட்டும். அதிகமா முறுக்கினா குழாய் நசுங்கும். முடிஞ்சதும் ஸ்க்ரூ தலையில நெயில் பாலீஷ்ல ஒரு கோடு. அம்பது பெல்லட் சுட்டதும் கோடு விலகியிருக்கான்னு பாருங்க.

ஸீரோ பண்றப்ப, அதாவது குறி வைக்கிற இடத்துலயே பெல்லட் விழுற மாதிரி ஸ்கோப்பைத் திருகிச் சரிபண்றப்ப, ஒரே இடத்தைக் குறி வச்சு அஞ்சு சுட்டுட்டுத் திருகுங்க, ஒண்ணொண்ணுக்கும் திருகாதீங்க. கால் நிமிடக் கோண ஸ்கோப்புன்னா பத்து மீட்டர்ல ஒரு கிளிக் 0.7 மி.மீ.தான் நகத்தும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனா பதினாலு கிளிக். நாலு கிளிக் திருகிட்டு "ஸ்கோப் வேலை செய்யல"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்கடா.