பால்மரச் சீமையில் கதவு ரப்பர் தேடுவோருக்கு

போர்டிக்சனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு எஞ்சின் பெரிய கவலை இல்லை. ஹாஃப்கட் கடைக்குப் போனால், ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வந்த வண்டியிலிருந்து எஞ்சினையே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். தேடித் தேடி அலுத்துப்போவது கதவு ரப்பருக்கும் கண்ணாடி ரப்பருக்கும்தான். அதைப் பற்றி ஒர்க்‌ஷாப்புகளில் உலவும் பேச்சில் பல தவறானவை. அவற்றை நம்பியே நல்ல வண்டிகளின் தரைத்தகட்டை மழைத்தண்ணீருக்குத் தின்னக் கொடுக்கிறோம்.

“ரப்பர் விளைந்த மண்ணில் ரப்பருக்கா பஞ்சம்?”

சிலியாவ், லிங்கி, லுக்குட் பக்கத் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்கிறோம். ஸ்டோரில் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டாக்கி, புகைபோட்டுக் காயவைத்த அந்த ரப்பர் வேறு; இன்றைய கார்க் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் வேறு. இது எத்திலீன், புரொப்பிலீன் என்ற பெட்ரோலிய வாயுக்களிலிருந்து செய்வது. இ.பி.டி.எம். என்ற பெயரில் 1960களில் சந்தைக்கு வந்தது. போர்டிக்சன் கடலோரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்ததும் அதே பத்தாண்டில்தான்.

மாற்றத்துக்குக் காரணம் காற்றிலேயே இருக்கிறது. மரத்து ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஓசோன் அந்த இடங்களில் சங்கிலியை அறுக்கும். ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் சேதம் தெரியும். பழைய வண்டியின் கதவு மூலையில் ரப்பரை வளைத்துப் பாருங்கள்: இழுவிசைக்குக் குறுக்காக, வரிசையாக, சின்னச் சின்ன வெடிப்புகள் இருந்தால் அது ஓசோன் வேலை. இ.பி.டி.எம்.மின் முதன்மைச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு கிடையாது. அதனால் வெயிலிலும் மழையிலும் பல காலம் தாங்குகிறது. 1950களின் வண்டிக்கு இயற்கை ரப்பரே அசல் என்றாலும், மாற்றும்போது இ.பி.டி.எம். போடுவதில் குற்றமில்லை, வண்டிக்கு நல்லதுதான்.

இதைக் கேட்டு மரத்து ரப்பரைக் குறைத்து எடைபோட வேண்டாம். எஞ்சின் மவுண்டிலும் சஸ்பென்ஷன் புஷ்ஷிலும் ஓயாமல் அதிர்ந்து அதிர்ந்து கிழியாமல் நிற்பதில் அதற்கு நிகரானது குறைவு. டயருக்குள்ளும் அது இருக்கிறது. நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலுக்குக் காரில் இன்றும் மதிப்பான இடம் உண்டு. அது கதவோரம் அல்ல, அவ்வளவுதான்.

“கடல் காற்றுதான் ரப்பரைத் தின்கிறது.”

உப்பு ரப்பரை அவ்வளவாகத் தொடுவதில்லை. ரப்பரைக் கெடுப்பவை வெயில், சூடு, ஓசோன். உப்பு அரிப்பது ரப்பருக்குள் இருப்பதை. தகட்டு விளிம்பில் கவ்விக்கொள்ளும் வகை ரப்பருக்குள் மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும். தெலுக் கெமாங் பக்கம் நிறுத்திவைத்த வண்டியில் அது துருவேறி உப்பி, ரப்பரை உள்ளிருந்தே பிளக்கும். புது ரப்பர் மாட்டும் முன் விளிம்புத் தகட்டைச் சுரண்டி, துருவை எடுத்து, பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ரப்பர்மேல் பழிபோட்ட ஒழுகல் சில வண்டிகளில் அந்தத் துளை அடைப்பு நீங்கியதும் தீர்ந்துபோகும்.

“பிரிக்காத பாக்கெட், அதனால் புதுசு.”

முப்பது ஆண்டு நம் ஊர்ச் சூட்டில் ஸ்டோரில் கிடந்த ரப்பருக்கு வயது ஏறாமலா இருக்கும்? மடித்துக் கட்டியிருந்தால் மடிப்பிலேயே வெடித்திருக்கலாம், இல்லையேல் அந்த வளைவிலேயே இறுகியிருக்கலாம். பணம் கொடுக்கும் முன் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். விரலைச் சுற்றி வளைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

“எண்ணெய் பூசினால் உயிர் வந்துவிடும்.”

எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், வாஸ்லின் எல்லாமே பெட்ரோலியச் சரக்கு. இ.பி.டி.எம். இவற்றைக் குடித்து ஊதும், தளரும். பளபளப்பு இரண்டு நாளைக்கு. சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். பெயின்ட் அடிக்கப்போகும் வண்டி என்றால் அதையும் தள்ளிவையுங்கள், பெயின்ட் ஒட்டாமல் குழிவிழும். இறுகி வெடித்த ரப்பரை எந்தப் பூச்சும் பழையபடி ஆக்காது.

“மீட்டர் கணக்கில் விற்பது எதற்கும் உதவாது.”

இது பாதி உண்மை. ஒரே வெட்டுமுகத்தோடு நெடுக ஓடும் ரப்பருக்கு, அதாவது கதவு விளிம்பு, பூட் போன்றவற்றுக்கு, மீட்டர் சரக்கில் பொருத்தமானது கிடைக்கும். அதற்குப் பழைய ரப்பர் கையில் இருக்க வேண்டும். நசுங்காத ஒரு துண்டைக் கூரான பிளேடால் நேராக அறுத்து, வெட்டுமுகத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள்: கவ்வும் பகுதியின் அகலம், மேலே குழாய்போல் நிற்கும் பகுதியின் உயரம், தகட்டின் தடிமன். கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்து அளக்கலாம். குழாய்ப் பகுதி பஞ்சுபோல் மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியானதைப் போட்டால் கதவு சாத்தாது, ஓங்கி அடித்து அடித்துக் கீல் தளரும்.

மூலையில் அச்சில் வார்த்த துண்டுகளுக்கும், டி-பார் கூரைக் கண்ணாடி ரப்பருக்கும் இந்த வழி செல்லாது. அங்கே அச்சு வேண்டும்.

“3டி பிரின்டரில் அடித்துக்கொள்ளலாம்.”

பிரின்டரை அச்சு செய்யப் பயன்படுத்துங்கள், ரப்பர் செய்ய வேண்டாம். வார்ப்பதற்கு விற்கும் பாலியூரித்தேனிலும் வகை பார்க்க வேண்டும். பாலியெஸ்டர் வகை சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து பிசுபிசுக்கும்; போர்டிக்சனில் இரண்டுக்கும் குறைவில்லை.

“கம்பெனி கைவிட்ட வண்டிக்கு வழியே இல்லை.”

மாஸ்டா 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குப் பாகங்களை மறுபடி செய்து தரத் தொடங்கியது. டொயோட்டா 2020இல், 1986 முதல் 1993 வரை வந்த ஏ70 சுப்ராவுக்கு வெதர்ஸ்ட்ரிப் உட்பட சில பாகங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தப் பட்டியல்கள் கூடிக்கொண்டே வருகின்றன. பாக எண்ணை வைத்து அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருங்கள். பட்டியலில் இல்லாத வண்டி என்றால், ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுப்பதுதான் வழி. ரப்பரைப் பிதுக்கி எடுக்கும் டைக்கு ஆகும் செலவு ஒருவருக்குப் பாரம், இருபது பேர் பகிர்ந்தால் தாங்கும். அப்போது ஆலைக்காரர் முதலில் கேட்பது பழைய துண்டைத்தான். கிழிந்தது, வெடித்தது என்று குப்பையில் போட்டுவிடாமல், இடது வலது எழுதி ஒட்டி எடுத்துவையுங்கள்.